உத்தரமேரூரும் ஜார்ஜ் டவுனும்: பதவி விட்டு இறங்கும் முறை

உள்ளாட்சி நேர்மையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உறுப்பினர் எவ்வாறு பதவிக்கு வருகிறார் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். வாக்கெடுப்பா, நியமனமா என்ற வாதம் ஓய்வதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்களையும் பினாங்கின் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்ற வரலாற்றையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறொரு கேள்வி முன்னுக்கு வருகிறது. பதவியில் இருந்தவர் எவ்வாறு இறங்குகிறார்? கணக்கை ஒப்படைத்துவிட்டு இறங்குகிறாரா, ஒப்படைக்காமலா, அல்லது இறங்காமலே இருந்துவிடுகிறாரா? ஒன்று 919, 921ஆம் ஆண்டுகளில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட ஏற்பாடு. மற்றொன்று 1857 முதல் இன்றுவரை பலமுறை உருமாறிய நகர அமைப்பு. காலமும் கடலும் பிரித்த இவ்விரண்டும் ஒரே தராசில் ஏறத்தக்கவை என்றே கருதுகிறேன்.

முதலில் வேலையைப் பார்ப்போம், ஏனெனில் ஒப்புமை அங்கேதான் தொடங்குகிறது. உத்தரமேரூர் மகாசபைக்குச் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் எனக் குழுக்கள் இருந்தன. ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்திற்கு நீர், மின்சாரம், போக்குவரத்து, சுகாதாரம் எனத் துறைகள் இருந்தன. வைரமேகத் தடாகத்தின் கரையும் மதகும் ஏரி வாரியத்தின் பொறுப்பு. 1962இல் நிறைவுற்ற ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு மாநகர் மன்றத்தின் ஆக்கம். இரண்டு ஊர்களும் தங்கள் தண்ணீரைத் தாங்களே தேக்கி, தாங்களே பங்கிட்டன. தண்ணீரைப் பங்கிடுபவன் கையில் பணமும் அதிகாரமும் சேர்கின்றன. ஆகவே இரண்டிலும் நேர்மை என்பது குணத்தைப் பற்றிய பேச்சாக நிற்கவில்லை. கரை உடையாமல் இருப்பதும் குழாயில் நீர் வருவதும் அதைச் சார்ந்திருந்தன.

செல்வத்திலும் இரண்டும் சிறியவை அல்ல. உத்தரமேரூர் முப்பது குடும்புகள் (ஊர்ப் பகுதிகள்) கொண்ட பெரிய பிரமதேயம் (பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர்); பொன்னின் மாற்றுப் பார்க்கவே தனி வாரியம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே கொடுக்கல் வாங்கல் நடந்தது. ஜார்ஜ் டவுன் மன்றமோ மின்சாரமும் தண்ணீரும் விற்று, டிராலி பேருந்து ஓட்டி, 1950களிலும் 60களிலும் பினாங்கு மாநில அரசைவிட அதிக வருவாய் ஈட்டிய அமைப்பு என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். மேலே இருக்கும் அரசைவிடக் கீழே இருக்கும் மன்றம் செல்வம் மிக்கதாக இருந்தது என்ற இந்த நிலை, பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள உதவும்.

இனி, பதவிக்கு வரும் முறை. உத்தரமேரூரில் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். இளையோரும் முதியோருமாகச் சபை கூடிய மண்டபத்தில், நம்பிமாரில் (கோயில் பூசகர்களில்) மூத்தவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பான். பின்பு அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் அதை வாசிப்பார்கள். இதைத் தேர்தல் என்று மேடைகளில் புகழ்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இங்கே யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. தகுதியானவர் என்று முன்னமே வடிகட்டப்பட்டவர்களுக்குள் யார் என்பதைச் சீட்டு முடிவு செய்தது. அதனால் சாசனத்தின் பெருமை குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை; விரிந்த ஐந்து விரல்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் மனித இயல்பை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

ஜார்ஜ் டவுனுக்கு ஒரே முறை இருந்ததில்லை. 1857இல் வரி செலுத்துவோர் நகராட்சி ஆணையர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1913ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் தேர்தலை நீக்கி நியமனத்தைக் கொண்டுவந்தது. 1951 டிசம்பரில் தேர்தல் திரும்பியது. அது மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தலாகப் பேசப்பட்டது. பதினைந்து இடங்களில் ஒன்பது மக்கள் வாக்குக்கு விடப்பட, லிம் சோங் யூ தலைமையிலான ராடிக்கல் கட்சி அவற்றில் ஆறை வென்றது. சில ஆண்டுகளில் மன்றம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டோரால் ஆனது. 1957 ஜனவரி 1இல் மாநகர் என்ற தகுதி கிடைத்தது. அடுத்த ஆண்டு சோசலிஸ்ட் முன்னணியின் டி. எஸ். ராமநாதன் மேயரானார். தமிழர் ஒருவர் மக்கள் வாக்கால் மன்றத்திற்கு வந்து, மன்றத்தாரால் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஆண்டை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. முன்பு ஸ்காட் சாலை என்றிருந்த தெரு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

இரண்டின் தகுதிப் பட்டியல்களையும் ஒப்பிட்டால் முதல் வியப்பு கிடைக்கும். உத்தரமேரூர் கேட்டவை: கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, கல்வி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது. நிலம் குறைந்தாலும் வேதமும் உரையும் கற்றிருந்தால் அரைக்கால் வேலி போதும். இன்று பினாங்கில் நடப்பிலிருக்கும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கேட்பவை: உறுப்பினருள் பெரும்பாலோர் அவ்வூரில் குடியிருப்போராக இருக்க வேண்டும், ஊராட்சி அனுபவம் மிக்கவராகவோ, தொழிலிலோ வணிகத்திலோ சிறந்தவராகவோ, தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கும் ஆற்றல் உள்ளவராகவோ இருக்க வேண்டும். குடியிருப்பு, தகுதி, அனுபவம் என்ற மூன்று இழையும் இரண்டிலும் உண்டு. உத்தரமேரூரிலும் அனுபவத்துக்கு இடம் இருந்தது. குடும்புக்கு ஒருவராக வந்த முப்பது பேரில், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள், சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவராக எடுக்கப்பட்டார்கள். எஞ்சியோரில் பன்னிருவர் தோட்டத்திற்கு, அறுவர் ஏரிக்கு.

வேற்றுமை அளவையில் இருக்கிறது. உத்தரமேரூரின் தகுதிகளை எவரும் அளந்து சரிபார்க்கலாம்: நிலம் இவ்வளவு, வயது இவ்வளவு. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் தகுதிகளை மாநில அரசின் கருத்தே அளக்கிறது. அனுபவம் மிக்கவர் என்று அரசு கருதினால் அவர் அனுபவம் மிக்கவர். முன்னது குறுகலானது, ஆனால் திட்டமானது. பின்னது அகலமானது, ஆனால் கருதுபவரின் மனத்தைச் சார்ந்தது. கட்சிக்காரர் ஒருவருக்கு இடம் கொடுக்க விரும்பும் அரசுக்கு இந்தச் சட்டம் ஒரு தடையும் வைக்கவில்லை. உண்மையான வல்லுநரை அழைக்க விரும்பும் அரசுக்கும் வைக்கவில்லை. 2008 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பினாங்கு அரசு சில இடங்களைப் பொது அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு ஒதுக்கியது. அது அந்த அரசின் நல்ல எண்ணத்தால் நடந்தது. சட்டம் அதை வேண்டவில்லை.

இப்போது பதவி விட்டு இறங்கும் முறைக்கு வருவோம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிரிவது இங்கேதான். உத்தரமேரூரில் வாரியத்தின் ஆயுள் முந்நூற்று அறுபது நாள். அதன்பின் எல்லோரும் இறங்கியாக வேண்டும். இறங்கியவர் மூன்று ஆண்டுகள் எந்த வாரியத்திலும் இடம்பெற முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதவே கூடாது. அவரோடு நிற்காமல் 921ஆம் ஆண்டுச் சாசனம் அவருடைய உறவையும் எண்ணிச் செல்கிறது: தாயின் உடன்பிறந்தாளின் மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தந்தையுடன் பிறந்தவன், தாயுடன் பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரி கணவன், சகோதரி மக்கள், மருமகன், தந்தை, மகன். ஒருவர் காட்டாத கணக்கு ஒரு குலத்தையே மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியது.

இன்றைய நீதி உணர்வுக்கு இது கொடுமையாகத் தோன்றும். மாமன் செய்த பிழைக்கு மருமகன் ஏன் பொறுப்பாக வேண்டும்? ஆனால் தடுக்கப்பட்டது என்ன என்று பார்க்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் தன் இடத்தில் மருமகனை உட்காரவைத்து, பழைய ஓலைகளை மூடி மறைக்கும் வழியை அந்த விதி அடைத்தது. அதே நோக்கம் கணக்கன் பற்றிய விதியிலும் தெரிகிறது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும்; அதை முடிக்க வேறு கணக்கனை நுழைக்கக் கூடாது. காட்டிய கணக்கு சரியென்று காணப்பட்ட பிறகே அவன் மீண்டும் கணக்கு எழுதலாம். பொய் ஆவணம் எழுதியவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் முதலியோருக்கு வாரியம் என்றென்றைக்கும் அடைபட்டது. பதவியில் இருக்கும்போதே குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். அந்த ஒருவர் போவார், வாரியம் இருக்கும்.

ஜார்ஜ் டவுனிலும் இறங்கும் ஒழுங்கு ஒன்று இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1950களின் மன்றத்தில் உறுப்பினர் பதவி மூன்றாண்டு. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பகுதியினர் விலகி மீண்டும் வாக்காளர் முன் நின்றனர். உத்தரமேரூர் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் இறக்கியது. ஜார்ஜ் டவுன் ஆண்டுக்கு ஒருமுறை சிலரை மக்களிடம் அனுப்பிவைத்தது. கணக்குக் கேட்கும் பருவம் இரண்டிலும் ஆண்டு வட்டம்தான். இந்தச் சமச்சீரை நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு 1965 வந்தது. இந்தோனேசியாவுடனான மோதல் உச்சத்தில் இருந்த மார்ச் 1இல் கூட்டரசு அரசாங்கம் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். சில மன்றங்களில் முறைகேடு என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஜார்ஜ் டவுன் அவற்றுள் ஒன்று. 1966 ஜூலையில் மாநகர் மன்றத்தின் பணிகள் அனைத்தும் பினாங்கு மாநில முதல்வர் கைக்கு மாற்றப்பட்டன. அதற்கு அடுத்த மாதமே, ஆகஸ்டு 11இல், இந்தோனேசியாவுடன் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. தேர்தல் திரும்பவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். மன்றம் எதிர்க்கட்சியிடம், மாநிலமும் கூட்டரசும் ஆளுங்கட்சியிடம் இருந்தன. வருவாய் பெருத்த ஒரு நகராட்சியின் நிர்வாகத்தில் சீர்கேடு இருப்பதாக நம்பிய அரசு, தலையிடாமல் இருந்தாலும் பொறுப்பில் தவறியதாகவே கருதப்பட்டிருக்கும். போர்ச் சூழலின் அச்சம் கற்பனையல்ல. அரசின் கவலையை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் மருந்தைப் பாருங்கள். உத்தரமேரூரின் மருந்து ஆளைக் குறிவைத்தது: இவர் கணக்குக் காட்டவில்லை, எனவே இவரும் இவர் உறவும் வெளியே. ஜார்ஜ் டவுனில் கொடுக்கப்பட்ட மருந்து அமைப்பைக் குறிவைத்தது: இங்கே முறைகேடு என்று சொல்லப்படுகிறது, எனவே மன்றமே வெளியே. முன்னதில் தவறு செய்தவனின் மருமகன் தண்டனை பெற்றான். பின்னதில் தவறு செய்யாத வாக்காளர் தண்டனை பெற்றார். இரண்டிலும் பழி எல்லை தாண்டிப் பரவியது. பரவிய திசைதான் வேறு.

இந்த இடத்தில் ஆதி நாகப்பன் முன் வருகிறார். மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய 1965இல் அமைந்த அரச விசாரணை ஆணையத்தின் தலைவர், செனட்டர், வழக்கறிஞர், ஜான்சி ராணிப் படையின் கேப்டன் ஜானகியின் கணவர். முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட மன்றங்கள் இருந்த காலம் அது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர் தலைமையேற்ற ஆணையம் என்பதால், தேர்தலைக் கைவிடும்படி சொல்லும் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆணையம் அதற்கு மாறாகச் சொன்னது. குறைகள் உண்டு, அவற்றைத் திருத்தலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் தொடரட்டும் என்பதே அதன் பரிந்துரை. அரசு அதை ஏற்கவில்லை. 1973இன் தற்காலிகச் சட்டமும் 1976இன் ஊராட்சிச் சட்டமும் நியமனத்தை நிலையாக்கின. ஒழுக்கமுள்ள தலைமைக்கு இந்த வரலாற்றில் எடுத்துக்காட்டு தேடினால், மேயர்களுக்கு முன்பாக நான் இந்த ஆணையத்தைச் சொல்வேன். தன்னை நியமித்த அரசு கேட்க விரும்பாததை எழுதிக் கொடுப்பது பொதுவாழ்வில் அரிதாகவே நடக்கிறது.

ஆணையத்தின் வாதமும் பராந்தகன் காலச் சபையின் போக்கும் ஒரே தடத்தில் செல்வதை இங்கே காண்கிறோம். 919ஆம் ஆண்டு ஏற்பாட்டில் குறை தெரிந்தபோது உத்தரமேரூர் இரண்டே ஆண்டில் அதைத் திருத்தி எழுதியது. முப்பதிலிருந்து அறுபது என்றிருந்த வயது வரம்பு முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று ஆனது. விலக்கப்படுவோர் பட்டியல் விரிந்தது. விதி தளர்ந்த இடத்தில் விதியை இறுக்கினார்கள், சபையைக் கலைக்கவில்லை. நாகப்பன் ஆணையம் கேட்டதும் இதைத்தான். 921இல் கல்லேறிய அந்தத் தீர்வு 1968இல் முடிந்த ஆணைய அறிக்கையின் தாளோடு நின்றது.

அப்படியானால் உத்தரமேரூர் மேலிடத்தின் கையின்றித் தன்னைத்தானே ஆண்டதா? அந்தக் கனவைச் சாசனமே அனுமதிக்காது. இரண்டு முறையும் அரசனின் ஆணை வந்தது. முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான், இரண்டாம் முறை சோமாசிப் பெருமான் என்ற பட்டம் கொண்ட அதிகாரி, உடனிருக்கவே சபை இந்த விதி ஏற்பாட்டைச் செய்தது. மேலிடத்தின் கை ஜார்ஜ் டவுனில் மட்டும் இல்லை. உத்தரமேரூரிலும் தெளிவாகத் தெரிகிறது. எதிர்பாராத உறவு இது. பலர் ஒன்றைத் தன்னாட்சியின் பொற்காலமாகவும் மற்றதைத் தலையீட்டின் கதையாகவும் சொல்லிவருகிறார்கள். இரண்டிலும் தலையீடு உண்டு. அரசனின் அதிகாரி வந்து, விதி வகுக்கப்படுவதை உடனிருந்து பார்த்துவிட்டு, சபையைச் சபையிடமே விட்டுப் போனார். 1966இன் ஆணை மன்றத்தின் வேலையையே எடுத்துக்கொண்டது.

இன்னொரு வியப்பு லிம் சோங் யூவின் வாழ்க்கையில் இருக்கிறது. 1951இல் ஜார்ஜ் டவுன் மன்றத் தேர்தலில் பெரும்பான்மை இடங்களை வென்ற கட்சியின் தலைவர் அவர். 1969இல் மாநில முதல்வராகி 1990வரை ஆண்டவரும் அவரே. மாநகர் மன்றம் தீவின் பிற பகுதிகளோடு இணைக்கப்பட்டு நியமன நகராண்மைக் கழகமானது அவருடைய ஆட்சியில்தான். மே 1969 கலவரத்துக்குப் பிந்தைய நெருக்கடியும் கூட்டரசின் அதிகாரமும் அவருக்கு விட்டுவைத்த இடம் சிறிது. ஆனாலும் ஒரு மனிதரின் பொதுவாழ்வுக்குள்ளேயே நகரத் தேர்தலின் மறுபிறப்பும் முடிவும் அடங்கிவிட்டன என்பது, இந்த மாற்றம் எவ்வளவு விரைவில் நடந்தது என்பதைக் காட்டுகிறது.

வெளிப்படைத்தன்மையில் இரண்டும் மீண்டும் நெருங்கி வருகின்றன. உத்தரமேரூரில் சீட்டெடுப்பு முழுச் சபைக்கு முன்னால், குடத்தை உயர்த்திக் காட்டி நடந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டமும் மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய. ஆனால் அதே சட்டம் குழுக்கூட்டங்களை மூடியே வைக்கிறது. மன்றம் விரும்பினால்தான் திறக்கலாம். கட்டட அனுமதியும் திட்டங்களும் குத்தகைகளும் அலசப்படுவது பெரும்பாலும் குழுக்களில் என்பதை நகராட்சியோடு பழகிய எவரும் அறிவார். தமக்கு ஆதாயம் உள்ள பொருளை உறுப்பினர் வெளிப்படுத்த வேண்டும், அதில் வாக்களிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அது நடப்பதைக் காண வெளியார் கண் உள்ளே இல்லை. உத்தரமேரூரிலும் வாரியங்களின் அன்றாடப் பேச்சு சுவரில் எழுதப்படவில்லை. எழுதப்பட்டது ஆண்டு முடிவில் காட்ட வேண்டிய கணக்கைப் பற்றி. செயலை மறைவில் செய்ய விட்டு, விளைவை வெளியில் கேட்டார்கள்.

நடைமுறையில் இன்றைய பினாங்குத் தீவு மாநகர் மன்றம், 1950களின் மன்றத்தைவிட உத்தரமேரூருக்கு நெருக்கமாக இருக்கிறது என்று சொன்னால் வாசகர் திகைக்கலாம். ஆனாலும் பாருங்கள். இருபத்துநான்கு உறுப்பினர்களில் ஒருவரும் வீடுவீடாகச் சென்று வாக்குக் கேட்டவர் அல்லர். வாரியப் பெருமக்களும் அப்படியே. உறுப்பினர் நியமனத்தைப் பினாங்கு பெரும்பாலும் ஓராண்டுக்கு என்றே செய்துவருகிறது. வாரியத்திற்கும் முந்நூற்று அறுபது நாள். தேர்தல் செலவு இல்லை, கட்சி மேடை இல்லை, கொடுத்த வாக்குறுதி இல்லை. 2015இல் மாநகர் தகுதி பெற்ற மன்றத்தின் முதல் மேயர் பத்தாஹியா இஸ்மாயில் என்ற பெண்மணி. 2023இல் அப்பொறுப்புக்கு வந்த இராஜேந்திரன் மன்ற அதிகாரியாக இருந்து உயர்ந்தவர். தொழில்திறன் வழி வந்த இவர்களை, ஏரியும் தோட்டமும் பார்த்துப் பழகிய பிறகு சம்வத்சர வாரியத்தில் அமர்ந்தவர்களோடு ஒப்பிடத் தோன்றுகிறது.

நெருக்கம் அதோடு முடிகிறது. சட்டத்தின் கீழ் ஓர் உறுப்பினரை மீண்டும் மீண்டும் நியமிக்கத் தடையில்லை. உத்தரமேரூர் மூன்றாண்டு ஓய்வைக் கட்டாயமாக்கியது. மன்றக் கணக்கைத் தலைமைக் கணக்காய்வாளர் தணிக்கை செய்கிறார். ஆனால் கணக்கில் குறை கண்டால் அந்தப் பொறுப்பில் இருந்த உறுப்பினரின் அடுத்த நியமனம் தானாக நின்றுபோகும் என்ற விதி இல்லை. அங்கே ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு முன்பே கணக்குக் கேட்கப்பட்டது. இங்கே நியமனக் கடிதமும் தணிக்கை அறிக்கையும் வேறு வேறு அலுவலகங்களின் வழியாகச் செல்கின்றன. தேர்தல் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் இந்த இரண்டையும் இணைக்கலாம். அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. நியமிப்பவரின் உறுதி போதும்.

தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு முயலாமல் இல்லை. 2012இல் மாநிலச் சட்டமன்றம் பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் ஊராட்சித் தேர்தல் நடத்தச் சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை இயற்ற மாநிலத்திற்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. 2010இல் மாநிலம் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் 2015இல் நடப்புக்கு வந்தது. தேர்தல் கதவு மூடிய இடத்தில் தகவல் சன்னல் ஒன்றைத் திறந்தார்கள் என்பதை மதிக்கிறேன். ஆயினும் நாகப்பன் அறிக்கை 1968 டிசம்பரில் முடிந்தும் 1970களின் தொடக்கத்தில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. உத்தரமேரூர் தன் விதிகளைச் செய்த உடனேயே, கோயிலுக்கு வருவோர் கடந்து செல்லும் சுவரில், ஊராரின் மொழியிலேயே வெட்டிவைத்தது. ஒரு மன்றத்தின் விதியை அதன் குடிமக்கள் எங்கே படிக்கிறார்கள் என்பதையும் ஒப்பாய்வில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, தராசின் மறு தட்டை மறைத்தால் இந்த ஒப்பீடு நியாயமாகாது. உத்தரமேரூர் மண்டபத்தில் கணக்குக் கேட்கத் தகுதி பெற்றவர்கள் நிலமும் வேதமும் உடைய ஆடவர்கள். ஏரியின் நீரில் உழுதவன், கரையில் மண் சுமந்தவன், அந்த வீட்டுப் பெண் ஆகியோருக்கு அங்கே குரலில்லை. கணக்கு நேர்மையாக இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது யாருக்கு நேர்மையாக இருந்தது என்ற கேள்விக்குச் சாசனம் பதில் தரவில்லை. ஜார்ஜ் டவுன் 1951 முதல் 1963 வரை நடத்திய தேர்தல்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கின. தொழிற்சங்கத்தாரும் தொழிலாளர் கட்சியினரும் மன்றத்தில் அமர்ந்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெண்களும் இருந்தார்கள். உத்தரமேரூர் ஒருபோதும் திறக்காத மண்டபத்தை ஜார்ஜ் டவுன் திறந்தது. உத்தரமேரூர் எழுதிவைத்த கணக்கு விதியை ஜார்ஜ் டவுன் எழுதவில்லை. இன்று பாடாங் கோத்தா லாமாவை ஒட்டிய மாநகர் மண்டபத்தில் மாதக் கூட்டம் நடக்கும்போது, தெருக் கூட்டும் தொழிலாளி ஒருவர் பொதுமக்கள் இருக்கையில் அமர்ந்து தம் ஊரின் செலவுக் கணக்கைக் கேட்டறியலாம். அந்தக் கணக்கு தமக்கு ஒப்பவில்லை என்றால் அடுத்த ஜனவரியில் அந்த உறுப்பினரின் பெயரை நீக்கும் உரிமை அவரிடம் இல்லை. 1963இல் அவருடைய தாத்தாவிடம் இருந்தது.